பைகளுக்குக் காவல் இருந்தவர்கள்

 

குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றுலா செல்லும் வழக்கம் நம்மவர்களிடையே பெருகியிருக்கிறது. வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, சுபுஹு தொழுததும் புறப்பட்டு, இரவுக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அத்தகைய பயணம் ஒன்றில் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். உங்களில் சிலருக்கும் அது நேர்ந்திருக்கலாம். நீங்கள் உணராமல் இருந்திருக்கலாம்.

காயல்பட்டினத்திலிருந்து பதினான்கு பேர் புறப்பட்டோம். என் உம்மா, மனைவி, ராத்தா, அவர்களின் மகள்கள், நாங்கள் ஆண்கள், பையன்கள். பெண்கள் முதல் நாள் இரவெல்லாம் விழித்திருந்து சோறும் கறியும் ஆக்கி, பாத்திரங்களைத் துணியால் இறுகக் கட்டிவைத்திருந்தார்கள். மெய்ஞ்ஞானப் பாடல்கள் தந்த பீர் முஹம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் தக்கலையில், குலசேகரத்தைச் சேர்ந்த ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டோம். நடுவயது மனிதர். கையில் ஒரு குடை, சட்டைப் பையில் நேரக் குறிப்பு.

முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் இது கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையைக் குறித்தும், மரச் சிற்பங்களைக் குறித்தும் வழிகாட்டி விளக்க, நாங்கள் முன்னே நின்று கேட்டோம். பெண்கள் பின்னே நின்றார்கள். அவர்கள் காதில் பாதி விழுந்திருக்கும். இரண்டாயிரம் பேர் உண்ணக்கூடிய ஊட்டுப்புரையை அவர் காட்டியபோதுதான் உம்மா மெல்ல முன்னே வந்தார்கள். "இவ்வளவு பேருக்கும் ஆக்கினது யாரு?" என்று என் மனைவியின் காதில் கேட்டார்கள். நாங்கள் சிரித்துவிட்டு நடந்தோம்.

அடுத்து மாத்தூர் தொட்டிப் பாலம். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேல், 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுசெல்லும் கால்வாய் இது. காமராசரின் முயற்சியால் உருவாகி 1966-இல் கட்டப்பட்டது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வயல்களுக்கு இதனால் பாசனம். கீழே எட்டிப் பார்த்தால் தென்னந்தோப்புகள் புல்வெளிபோல் தெரிகின்றன. ராத்தாவுக்குத் தலைசுற்றும் என்று நாங்களாகவே முடிவு செய்து, பெண்களை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம். ராத்தாவிடம் கேட்டோமா என்றால், இல்லை.

பிறகு ரப்பர்த் தோட்டங்களின் நிழலூடே திற்பரப்பு. கோதையாறு அகன்ற பாறைப் பரப்பின் மீது தவழ்ந்து வந்து, ஏறத்தாழ ஐம்பது அடி கீழே விழுகிறது. குற்றாலத்து ஐந்தருவியைப் போலப் பிரிந்து விழாமல், அகலமாக, ஒரு வெள்ளைத் திரைபோல் விழுகிறது. மழை ஓய்ந்த ஐப்பசி மாதம், தண்ணீருக்குக் குறைவில்லை. சுப்ஹானல்லாஹ்! நாங்களும் பையன்களும் சட்டைகளைக் கழற்றி, கைக்கடிகாரங்களையும் பணப்பைகளையும் பெண்களிடம் கொடுத்துவிட்டு ஓடினோம். ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்று குளித்தோம்.

பசியோடு திரும்பி வந்தபோது, படிக்கட்டுக்கு மேலே ஒரு மரத்தடியில், பைகளும் செருப்புகளும் சூழ அவர்கள் அமர்ந்திருந்தார்கள். சோற்றைப் பிரிக்கச் சொன்னேன். வழிகாட்டி என்னைச் சற்று ஒதுக்கி அழைத்துச் சென்றார்.

"சாரே, உங்க ஆளுவ எல்லாம் குளிச்சாச்சு. அவிய இன்னும் அருவியைப் பாக்கவே இல்லியே."

கூட்டம் மிகுதி, ஈரத் துணியோடு ஆண்கள் நிற்கும் இடம், நம் பெண்களுக்கு அது பொருந்தாது என்று நான் காரணம் சொன்னேன். காரணம் பொய்யன்று. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வேறு வழி தேடாமல் இருந்ததுதான் என் குற்றம். அவர் வாதிடவில்லை. அருவிக்கு மேலே, தடுப்பணை வரை பாறை ஏறத்தாழ கால் கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது, அங்கே கூட்டம் வராது, ஓரமாக நீரோட்டம் மெதுவாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். அப்படிச் செய்தால் பேச்சிப்பாறைக்கு நேரம் இராது என்றும் எச்சரித்தார். 1906-இல் முடிக்கப்பட்ட அந்த அணையையும், அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்பவரின் கல்லறையையும் பார்க்கப் பையன்கள் ஆவலாக இருந்தார்கள். அவர்கள் முகம் சுருங்கியது. இருக்கட்டும் என்றேன்.

அந்தப் பகலில் முதன்முறையாக நாங்கள் பைகளுக்குக் காவலிருந்தோம். அதற்குமுன் உம்மாவைக் கைபிடித்து மேலே கொண்டுபோய் விட்டேன். பாசி படிந்த பாறை வழுக்கும் என்று வழிகாட்டி முன்னே நடந்து, கால் வைக்க வேண்டிய இடங்களைக் குடையால் தட்டிக் காட்டினார். பின்னர் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொலைவில் போய் நின்றார். உம்மா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, கணுக்கால் வரை தண்ணீரில் வைத்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். ஓடும் நீரிலேயே ஒளு செய்தார்கள். பெண்கள் பாறை மீது முஸல்லா விரித்து, பயணிகளுக்குரிய சலுகைப்படி லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சேர்த்துத் தொழுதார்கள்.

அழைத்துவரப் போனபோது உம்மா சொன்னார்கள்: "வாப்பா, குத்தாலத்துக்கு என்னை நாலு தடவை கூட்டிட்டுப் போயிருக்கே. வாடகை வீட்டு அடுப்பங்கரையைத்தான் நான் பார்த்தேன்."

அவர்கள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குத்தான் பதில் வரவில்லை. பூமியில் பயணம் செய்து இறைவனின் படைப்பைப் பாருங்கள் என்று திருமறை அழைப்பதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். அந்த அழைப்பு எங்கள் வீட்டு ஆண்களோடு நின்றுவிட்டதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று சோறு பரிமாறியது நானும் என் மைத்துனரும். கறி பாதி கீழே சிந்தியது வேறு கதை.

தக்கலையில் இறங்கும்போது வழிகாட்டியிடம் உம்மாவே நேராகக் கேட்டார்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று. பறளியாறு அதோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலைச் சேர்கிறது என்றார் அவர்.

"தேங்காய்ப்பட்டினமா? அப்போ நம்ம ஆளுங்க ஊருக்குத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு, ஈரம் காயாத சேலைக் கரையைப் பிழிந்துகொண்டார்கள்.