என் வீட்டு பைப்பும் அடையாறும்

போன வாரம் எதுவும் எழுதல. தண்டுக்கீரை அறுப்பு ஒரு பக்கம், இன்னொரு சங்கதி ஒரு பக்கம். அந்தச் சங்கதியை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். "தெரு பூரா தெரிஞ்சாச்சு, இனிமே எழுதினா என்ன, எழுதாட்டி என்ன"ன்னு வீட்ல சொன்னாங்க. அதான் எழுதறேன்.

எங்க ஊர் பேரு திருநீர்மலை. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தப்ப மலையைச் சுத்தி வெள்ளம் நின்னுச்சாம். வடியற வரைக்கும் ஆறு மாசம் காத்திருந்து சேவிச்சார்னு சொல்லுவாங்க. பேர்லயே நீர் இருக்கற ஊர். ஆதனூர் பக்கம் கிளம்பி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி கடல்ல சேர்ற அடையாறு எங்களை ஒட்டித்தான் போகுது. செம்பரம்பாக்கம் ஏரி உபரி நீரும் எங்க ஊர்ப்பக்கம்தான் வந்து அதுல கலக்குது. நான் சின்னப் பையனா இருந்தப்ப அந்தத் தண்ணியில விரால் புடிச்சிருக்கேன். இப்ப அதுல காலை வைக்கணும்னா ரப்பர் பூட்ஸ் வேணும்.

ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை காலையில பசங்க கொஞ்சம் பேர் வராங்க. ஐடி வேலை பாக்கறவங்க, காலேஜ் புள்ளைங்க, குரோம்பேட்டையிலேர்ந்து ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். கையுறை போட்டுகிட்டு கரையில இருக்கற பிளாஸ்டிக்கை அள்ளுவாங்க. நான் மோர் கலக்கிக் குடுப்பேன். முதல்ல, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னுதான் நினைச்சேன், பொய் சொல்லக் கூடாது. மூணாவது வாரமும் வந்தாங்க. நாலாவது வாரமும் வந்தாங்க.

ஒரு நாள் அதுல ஒரு பாப்பா, தண்ணியை சின்ன பாட்டில்ல புடிச்சு மருந்து விட்டுப் பார்த்துச்சு. தண்ணியில காத்து கரைஞ்சிருக்கணுமாம். ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருந்தாதான் குளிக்கலாம்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்சிருக்கற கணக்கு. இங்க அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. "குப்பையை எல்லாம் அள்ளிட்டோமேம்மா, அப்புறம் ஏன்?"னு கேட்டேன். "கவர் மிதக்கறது பாக்க அசிங்கம்தான் ஐயா. காத்தைத் தின்றது சாக்கடை. அதுல இருக்கற கழிவைத் தின்ற கிருமி, தண்ணியில கரைஞ்ச காத்தை எல்லாம் எடுத்துக்கும். மீனுக்கு மிச்சம் இருக்காது"ன்னுச்சு. எனக்கு அது சட்டுனு புரிஞ்சுது. மக்காத பச்சைச் சாணியைச் செடி தூர்ல கொட்டினா வேர் வெந்து போகுமில்ல, அந்த மாதிரி.

அடுத்த வாரம் கரையை விட்டுட்டு, ஆத்துல வந்து விழற மழைநீர் கால்வாயைப் புடிச்சு மேல நடந்தோம். வெயில் காலம், ஒரு சொட்டு மழை கிடையாது. ஆனா கால்வாய்ல தண்ணி ஓடுது. "மழையே இல்லாதப்ப மழைநீர் கால்வாய்ல ஓடுறது என்ன தண்ணி?"ன்னார் வாத்தியார். எங்கெங்க பைப் வந்து விழுதோ, பாப்பா போன்ல குறிச்சுகிட்டே வந்துச்சு. எங்க தெரு வந்துச்சு. சோப்பு நுரையோட ஒரு பைப் கொட்டிகிட்டு இருந்துச்சு. வாய் கோணலா அறுத்த பைப். அதை ரம்பத்தால அறுத்தவனே நான்தான்.

2009-ல கொஞ்சம் நிலத்தை வித்து மூணு போர்ஷன் கட்டினேன். திருமுடிவாக்கம் சிட்கோவுக்கு வேலைக்குப் போறவங்க குடியிருக்காங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல செப்டிக் டேங்க் ரொம்பி வீட்டுக்குள்ளயே ஏறிடுச்சு. வெள்ளம் வடிஞ்சதும் மேஸ்திரி சொன்னார், "மேல ஒரு பைப் போட்டு கால்வாய்ல விட்டுடுங்கண்ணே, எல்லாரும் அப்படித்தான் விடறாங்க"ன்னு. எங்க தெருவுல பாதாளச் சாக்கடை கிடையாது. லாரி கூப்பிடற செலவும் மிச்சம்னு விட்டுட்டேன்.

"ஐயா, இது யார் வீட்டு பைப்?"னு பாப்பா கேட்டுச்சு.

"தெரியலம்மா"ன்னுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இன்னொண்ணும் சொல்லணும். கோடையில கிணத்துல தண்ணி கீழ போறப்ப, அதே கால்வாய்லேர்ந்து மோட்டார் போட்டு கீரைக்கு விட்டிருக்கேன். சாக்கடையில தழைச்சத்து இருக்கு, கீரை கரும்பச்சையா கொழுகொழுன்னு வரும். பம்மல் சந்தையில அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. இதைப் படிக்கிற உங்கள்ல யாராவது வாங்கியிருக்கலாம். அந்தத் தண்ணி விடறதை நிறுத்திட்டேன். இப்ப நாலு பாத்தி காஞ்சு கிடக்கு.

அடுத்த ஞாயிறு எல்லாரும் இருக்கறப்ப சொல்லிட்டேன். பாப்பா ஒண்ணும் பேசல. வாத்தியார்தான், "எங்க அபார்ட்மென்ட்லயும் அப்படித்தாங்க விடறாங்க, நான் இன்னும் மீட்டிங்ல வாயைத் திறக்கல"ன்னார். அவர்தான் சிட்லபாக்கம் ஏரி கதையைச் சொன்னார். 2019-ல அங்க குடியிருக்கறவங்களே ஏரியில இறங்கி அள்ளினாங்க, விடாம மனு போட்டாங்க, அப்புறம்தான் அரசாங்கம் 25 கோடி அறிவிச்சுது. அதுக்கப்புறமும் சாக்கடை வர்றதை நிறுத்தத்தான் அவங்க ரொம்பப் போராட வேண்டியிருந்துச்சாம். அந்தக் காலத்துல குடிமராமத்துன்னா, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும். வராதவன்கிட்ட வசூல் பண்ண 1858-ல வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். மண்வெட்டி புடிக்க இன்னைக்கும் ஆள் வருவாங்க. தன் வீட்டு பைப்பை மூட யாரு வருவா?

என் பைப்பை சிமென்ட் வச்சு அடைச்சிட்டேன். இப்ப லாரி கூப்பிட்டாகணும். வாடகையில ஒரு பங்கு அதுக்கே போகுது. "கமிஷன் வாங்கற மாதிரி மாசா மாசம்"னு வீட்ல முணுமுணுப்பு. லாரிக்கு லைசென்ஸ் இருக்கணும், சுத்திகரிப்பு நிலையத்துலதான் கொட்டணும். ராத்திரியில ஆத்தங்கரையில கொட்டற லாரியை நானே பார்த்திருக்கேன். அதனால முதல் தடவை டிவிஎஸ் எக்செல்ல பின்னாலயே போனேன். டிரைவர் தம்பி கண்ணாடியில பார்த்துட்டு வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, காசு பாக்கியா?"ன்னுச்சு. விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "வாங்க, வந்தே பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போய் ரசீதும் காட்டுச்சு.

அப்புறம் எங்க தெருவுல ஒவ்வொரு வீடா போனேன். ரெண்டு வீட்ல சரின்னாங்க. ஒரு வீட்ல கதவே திறக்கல. என் மச்சான், "பத்து வருஷம் நீ விட்டப்ப ஆறு கெடலையா? இப்ப எனக்குச் சொல்ல வந்துட்டியா?"ன்னான். கேட்டது நியாயம்தான், பதில் சொல்ல முடியல. அவன் பைப் இன்னும் ஓடுது. வர்ற ஞாயிறு வாத்தியாரையும் பாப்பாவையும் அவன் வீட்டுக்கே டிபனுக்குக் கூப்பிட்டிருக்கேன். அவனுக்கு இன்னும் தெரியாது.