அசையாப் பொருளும் ஆட்டமும்

ஓய்வு நேரத்தை எங்ஙனம் கழிக்கின்றாய் என வினவுவோர்க்குப் ‘பொம்மைகளுக்கு நடை பழக்குகின்றேன்’ என்று விடை கூறுவது என் வழக்கம். கேட்டோர் பெரும்பாலும் நகைப்பர். கலைப்பீடத்தில் மூன்றாம் வருடத்திற் பயிலும் ஒருத்தி, கட்டுரைகளைச் சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்கும் வேளையில், ஆறு அங்குல உயரமுள்ள பிளாஸ்ரிசின் உருவமொன்றின் முழங்காலைச் சிறிது சிறிதாக வளைத்துப் படமெடுத்துக்கொண்டிருப்பது நகைப்பிற்குரியதே. ஆயினும், இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவோர் ஒரு நாளேனும் அதில் ஈடுபட்டுப் பார்த்தவரல்லர் என்பது என் துணிபு.

ஸ்ரொப் மோஷன் எனப்படும் இம்முறையின் அடிப்படை மிக எளிது. அசையாப் பொருளொன்றைப் படமெடுத்து, அதனைச் சற்றே நகர்த்தி, மீண்டும் படமெடுத்து, இவ்வாறு பெற்ற படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டின், பொருள் தானாகவே அசைவதுபோலத் தோன்றும். திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. ஒவ்வொரு நிலையையும் இரு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 நிலைகள் போதும். என்னைப் போன்றோர் இவ்வளவில் அமைந்துவிடுவர். அங்ஙனம் அமைந்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 முறை பொம்மையைத் தொடவேண்டும். இன்று கைத்தொலைபேசியிலுள்ள செயலி, முன்னர் எடுத்த படத்தை மங்கலாக மேலே காட்டி, எவ்வளவு நகர்த்தினோம் என்பதை உணர்த்திவிடுகின்றது. பிலிம் கழுவப்பட்டு வரும்வரை தாம் செய்தது யாதெனக் காணமுடியாதிருந்த முன்னோடிகளின் பொறுமையை எண்ணுகையில் வியப்பே மேலிடுகின்றது.

அம்முன்னோடிகளுள் ஒருவர் லடிஸ்லாஸ் ஸ்ராரெவிச். இன்று லித்துவேனியாவில் உள்ள கௌனஸ் நகரின் அருங்காட்சியகத்திற் பணிபுரிந்த அவர், 1910ஆம் ஆண்டளவில் கொம்புவண்டுகள் ஒன்றோடொன்று பொருதுவதைப் படமாக்க விரும்பினார். இரவில் நடமாடும் அவ்வண்டுகளோ விளக்கொளி பட்டதும் அசைவற்றுக் கிடந்தன. எனவே, இறந்த வண்டுகளை எடுத்து, கம்பியையும் அரக்கையும் கொண்டு கால்களைப் பொருத்தி, ஒவ்வொரு சட்டகமாக அவற்றைப் போரிடச் செய்தார். உயிருள்ளது ஆட மறுத்தமையால் உயிரற்றது ஆடிற்று! இச்செய்தியை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

இக்கலையிற் பெயர் பெற்றோர் பலர் வீட்டு மூலையிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. றே ஹரிஹோசன் 1933இல், பதின்மூன்று வயதில், ‘கிங் கொங்’ படத்தைக் கண்டு மயங்கி வீட்டிலேயே பொம்மைகள் செய்யத் தொடங்கியவர். தந்தையார் உலோக மூட்டுக்களைச் செய்து கொடுத்தார். தாயார் பொம்மைகளுக்கு உடை தைத்தார். தாயாரின் பழைய உரோமச் சட்டையொன்று கரடியின் தோலாயிற்று. நிக் பார்க் என்பவர் மாணவராக இருந்த காலத்தில், 1982இல், தொடங்கிய, இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட படமொன்று 1989இலேதான் நிறைவெய்தியது. எமது விரிவுரையாளர்கள் இவ்வரலாற்றைக் கருத்திற்கொண்டு கட்டுரைகளுக்கான தவணையை நீடிப்பார்களாயின் நன்று.

நான் இதில் இறங்கியது 2022இல். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உயர்தரப் பரீட்சை முடிந்திருந்தது. பெறுபேறு வரும்வரை செய்வதற்கு எதுவுமில்லை. நாட்டிலோ எரிபொருளில்லை, மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. மட்டக்களப்பு வெயிலில் பிளாஸ்ரிசின் நண்பகலுக்குள் இளகிப் பொம்மை தானே முழந்தாளிட்டுவிடும். முகில் சூரியனை மறைத்து விலகுந்தோறும் படத்தில் ஒளி துடிக்கும். ஆதலால், பொழுது விடியுமுன், சாளரத்தைத் துணியால் மூடி, மின்னேற்றிய விளக்கொன்றின் ஒளியிற் படமெடுப்பேன். மின்கலம் இறங்க இறங்க அவ்விளக்கின் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே குறைந்துகொண்டிருக்கும். படங்களை ஓடவிட்டால், பொம்மை எட்டு அடி வைப்பதற்குள் அந்திப்பொழுது வந்துவிடும். அக்காட்சியை நான் அழிக்கவில்லை. மின்வெட்டைப் பற்றி அவ்வாண்டில் எழுந்த ஆக்கங்களுள் அதுவும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அவ்வேளையில் எங்கள் வீட்டில் நடை பழகிக்கொண்டிருந்தது பொம்மை மட்டுமன்று. அதற்கு முந்திய ஆண்டில் அம்மப்பாவுக்குப் பாரிசவாதம் ஏற்பட்டு இடப்பக்கம் தளர்ந்திருந்தது. வைத்தியசாலையிற் கற்பித்த பயிற்சிகளை, விறாந்தையில் மூங்கிற் கம்பைப் பற்றிக்கொண்டு, நாள்தோறும் காலையிற் செய்வார். இடக்கால் முழங்காலில் மடங்காது. வெளிப்புறமாக வளைந்து, நிலத்தில் ஓர் அரைவட்டம் கீறி, முன்னே வந்து விழும். நானும் பொம்மையின் காலை எவ்வாறு முன்னே கொணர்வதென்று தவித்துக்கொண்டிருந்தேன். நடத்தல் என்பது விழுதலும் விழாது தடுத்தலும் என்பதை நூல்கள் கூறும். குதி நிலத்திற் படும். உடல் சற்றே தாழும். மற்றைக்கால் கடக்கையில் உடல் உயரும். பின்னர் மீண்டும் முன்னோக்கிச் சரியும். இந்நிலைகளை அவரது வலக்காலிலும், அவற்றுள் எவை இல்லாதொழிந்தன என்பதை இடக்காலிலும் கண்டு எழுதிவைத்தேன். இதனை அவருக்குச் சொல்லும் துணிவு எனக்கு நெடுநாள் வரவில்லை.

ஆயின், ஒருநாள் அவரே என் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். மூன்று முறை ஓடவிட்டபின், குழறிய குரலில், “புள்ள, இது நடக்கல்ல, வழுக்குது. பாரம் இல்ல” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஊன்றிய பாதத்தைக் குண்டூசியாற் பலகையிற் பிணைக்காவிடின், அது ஒவ்வொரு படத்திலும் மயிரிழையளவு நகர்ந்து, உருவம் பனிக்கட்டியில் நிற்பதுபோலாகும். அதனை ஒரே பார்வையில் அவர் கண்டதில் வியப்பில்லை. படுவான்கரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடமோடி ஆடியவர் அவர். பாரம் எக்காலில் இருக்கின்றது என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கற்ற கல்வி.

அவர் ஆடியதை நான் கண்டதில்லை. அவரது ஆட்டத்தைக் காட்டும் ஒளிப்பதிவு எதுவுமில்லை. கரப்புடுப்புடன் நின்ற நிழற்படமொன்று 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் வீட்டுக்கூரையோடு போயிற்று என்பர். அவரோடு களரியேறியவர்களுள் இன்று எஞ்சியிருப்பவரும் அவரே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலிருந்து கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்த வரலாற்றை நாம் பாடமாகப் படிக்கின்றோம். அச்சான கூத்துப் பிரதிகளும் தாளக்கட்டுக்களும் நூலகத்தில் உள. ஒரு குறித்த ஊரில், ஒரு குறித்த மனிதர், குத்துமிதியின்போது இடுப்பை எவ்வளவு தாழ்த்தினார் என்பதை எந்த நூலும் கூறாது.

இவ்வாறே எங்கள் கூட்டு முயற்சி தொடங்கிற்று. அவர் கதிரையிலிருந்து வலக்கையால் அதன் கைப்பிடியில் மத்தளச் சொல்லைத் தட்டுவார். நான் அதனைச் செக்கன்களாகவும் சட்டகங்களாகவும் பிரித்துக் கொப்பியிற் குறிப்பேன். பின்னர் பொம்மையை அவர் முன்னே வைத்து ஒவ்வொரு நிலையாகக் காட்டுவேன். “இன்னும் பதி” என்பார். “தோளத் தூக்காத” என்பார். சில வேளைகளில் அவரது வலக்கால் கதிரையின் கீழே தன்போக்கில் மிதிக்கும். அம்மா தையற் துண்டுகளையும் மெல்லிய கம்பியையும் கொண்டு பொம்மைக்குக் கரப்புடுப்புச் செய்து கொடுத்தார். அதனை அணிவித்த அன்று, “உடுப்பு வந்தா உடம்பு பின்னுக்கு இழுக்கும், நெஞ்ச நிமித்து” என்று அம்மப்பா உத்தரவிட, அதுவரை எடுத்த 300 படங்களையும் விட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

‘கிங் கொங்’ படத்தில் குரங்கின் உரோமம் காற்றில் அலைவதுபோல ஓயாது சிலிர்த்துக்கொண்டிருக்கும். பொம்மையை நகர்த்தியோரின் விரல் பட்ட தடமே அது. என் படத்திலும் பொம்மையின் தொடையில் விரலடையாளங்கள் துள்ளுகின்றன. அவற்றுட் சில அம்மப்பாவினுடையவை. சொல்லால் விளக்க இயலாதபோது, நடுங்காத வலக்கையால் தாமே எட்டி அழுத்துவார். விடுதித் தோழியர் அவ்விடங்களைத் தேய்த்துச் சமப்படுத்துமாறு கூறினர். நான் உடன்படவில்லை.

கனடாவின் நோர்மன் மக்லாரன், ஒவ்வொரு சட்டகத்திலும் உள்ளதைவிட இரு சட்டகங்களுக்கிடையில் நிகழ்வதே முக்கியமானது என்னும் கருத்துடையவர். தமது ‘அயலவர்’ என்ற 1952ஆம் ஆண்டுப் படத்தில் உயிருள்ள மனிதரையே பொம்மைகள்போல் ஒவ்வொரு படமாக நகர்த்தியவர் அவர். அவரது கருத்தை அம்மப்பாவிடம் எடுத்துக் கூறியபோது, “அது மத்தளக்காரனுக்குத் தெரிஞ்ச விசயம்தானே” என்று முடித்துவிட்டார்.

இப்பொழுது ஒரு நிமிடமும் நாற்பது செக்கனும் கொண்ட படத்தில் ஏறத்தாழ முக்காற்பங்கு முடிந்திருக்கின்றது. வரவாட்டத்தின் இறுதியில் உருவம் கிறுகித் திரும்பும் இடத்தில் எமக்குள் இணக்கமில்லை. அவர் தட்டும் தாளத்தின்படி அத்திருப்பம் ஐந்து படங்களுள் முடிந்துவிட வேண்டும். ஐந்து படங்களில் திருப்பினால் பார்ப்போர் கண்ணுக்குப் பொம்மை திரும்பியது தெரியாது, தாவியதாகவே தோன்றும் என்பது என் வாதம், எட்டாவது வேண்டும். கூத்தைக் கண்டறியாத சந்ததி தன் கண்ணைக் குறைகூறாமல் தாளத்தைக் குறைகூறுகின்றது என்பது அவர் வாதம். இரு விதமாகவும் எடுத்து வைத்திருக்கின்றேன். சென்ற விடுமுறையில் இரண்டையும் காட்டினேன். எட்டுப் படத் திருப்பத்தை ஒரு முறை மட்டும் பார்த்தார். ஐந்து படத் திருப்பத்தை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்து, கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, “கால் சரி. இனிக் கழுத்த முதல்ல திருப்பி எடு” என்றார்.