மடியிலா, மேசையிலா?

தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் வீடியோவை வெட்டி ஒட்டுவதைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் பிள்ளையோ தம்பியோ, “கல்யாண வீடியோ எடிட் பண்ணப் போறேன், கம்ப்யூட்டர் வேணும்” என்று வந்து நிற்கும் நாளில், மடிக்கணினியா, பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்க்கும் மேசைக்கணினியா என்ற கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் சும்மாவே தெரிந்துகொள்ளலாமே!

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளியும் அடைக்கப்பட்டது. எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா செம்பனைக் காட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்குக் கிடைக்கும். ஆகவே பாடங்களைப் பதிவு செய்து, ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும்படி வெட்டி அனுப்பினேன். அந்த ஆண்டு ஜூன் முதல் கணினி வாங்குவோருக்கு 2,500 வெள்ளி வரை கூடுதல் வரிக்கழிவு உண்டென்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்தத் தைரியத்தில் 4,200 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினேன். மெலிந்த உடம்பு, பளபளப்பான முகம். எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

போகவும் செய்தேன். 2022-இல் பழைய லயத்து வீடுகளை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியைப் போய்ப் பார்த்தேன். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அழுதது, எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் சொன்னார். கைப்பேசியில் எடுத்ததை அவர் வீட்டுத் திண்ணையிலேயே மடிக்கணினிக்கு மாற்றிக் கொஞ்சம் வெட்டிக் காட்டினேன்.

“ஐயோ டீச்சரம்மா, நான் இவ்வளவு கிழவியாவா ஆயிட்டேன்!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவரு குடிச்சதைப் பத்திப் பேசினேன் பாரு, அதை எடுத்துடும்மா. பேரப்பிள்ளைங்க பாக்குங்க” என்றார். எடுத்தேன். மேசைக்கணினியைத் தூக்கிக்கொண்டு அந்தத் திண்ணைக்குப் போக முடியுமா? முடியாது. மடிக்கணினிக்கு உரிய பெருமையை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அதன் குணமும் மெல்லத் தெரிந்தது. வெட்டி முடித்த படத்தை ஒரே கோப்பாக ஆக்கச் சொன்னால், விசிறி அலறும், அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுடும். சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த இரவுகள் உண்டு.

அந்தச் செப்டம்பரில் பாட்டி காலமானார். வீடியோவைக் கேட்டு வந்த பேத்தியிடம், “பள்ளி விடுமுறை வரட்டும், முழுசாகச் செய்து தருகிறேன்” என்றேன். நவம்பரில் ஒரு மழை நாளில் மடிக்கணினி இருண்டுபோயிற்று. பழுதுபார்க்கும் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, தாய்ப்பலகை போய்விட்டது, சேமிப்புச் சில்லும் அதிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, தனியே கழற்ற வழியில்லை என்றார். கைப்பேசியில் இருந்த மூலத்தை இடம் போதவில்லையென்று எப்போதோ அழித்திருந்தேன். பேத்தியிடம் இதைச் சொல்லப் போன அந்த மாலையைப் பற்றி எழுத வேண்டாம்.

மறு ஆண்டு, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன், “டீச்சர், இந்தத் தடவை நான் கூட வர்றேன்” என்றான். சிரம்பானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மோனோ ரயிலில் இம்பிக்குப் போய், லோயாட் பிளாசாவில் அரை நாள் அலைந்தோம். அவன் பாடம் நடத்த, நான் மாணவியானேன். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் இருந்தாலும், மேசைக்கணினியின் வரைகலை அட்டை 170 வாட் வரை மின்சாரம் குடித்து வேலை செய்யும். மடிக்கணினியில் இருப்பது 60 முதல் 115 வாட்டுக்குள் அடங்க வேண்டும். பெயர் ஒன்று, பலம் வேறு! இன்டெல் செயலி வாங்கினால் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ எழுத்து இல்லாததாகப் பார்க்கச் சொன்னான். ‘எஃப்’ வகையில் உள்ளமைந்த வரைகலைப் பகுதி கிடையாது. கைப்பேசி சுருக்கிப் பதியும் வீடியோவை விரித்துக் காட்ட அந்தப் பகுதி நன்றாகக் கைகொடுக்குமாம். நினைவகம் 16 ஜிபி போதும், கையில் காசு வரும்போது இன்னொரு 16 செருகிக்கொள்ளலாம் என்றான். எனக்குப் பிடித்தது அதுதான். சீட்டுப் பணம் வர வரச் சட்டி பானை சேர்த்த அம்மாவின் மகளல்லவா நான்!

திரையோடு சேர்த்து ஏறக்குறைய 4,000 வெள்ளி ஆயிற்று. அது 2023-ஆம் ஆண்டு விலை. இன்று விசாரித்து வாங்குங்கள். மின்சாரம் போனால் தாங்க ஒரு யுபிஎஸ் பெட்டி தனிச் செலவு. நம் ஊர் இடிக்கும் மின்னலுக்கும் அது இல்லாமல் மேசைக்கணினி வைக்காதீர்கள். இடி பலமானால் செருகியையும் பிடுங்கிவிடுங்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கும், மண்டபத்திலேயே படத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய கல்யாணப் படக்காரருக்கும் மடிக்கணினிதான் சரி. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் தன் சொந்தச் சில்லோடு கொண்டுவந்த மேக்புக் ஏரில் விசிறியே இல்லை. சூட்டுத் தொல்லை குறைவு. ஆனால் வாங்கிய பின் நினைவகத்தைக் கூட்ட முடியாது. இருக்கும் மடிக்கணினி திணறினால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். படத்துக்குச் சிறிய நகல் ஒன்றை உண்டாக்கி அதில் வெட்டிவிட்டு, கடைசியில் மூலத்தை இணைத்துக்கொள்ளும் வசதி நல்ல எடிட்டிங் மென்பொருள்களில் உண்டு. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது.

என் பெட்டியில் இப்போது இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கும். மூன்றாவது நகலைத் தனித் தட்டில் எடுத்து, பள்ளி அலமாரியில் வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு பேரைப் பதிவு செய்தாயிற்று. முடிந்த படத்தைக் கைப்பேசியில் ஏற்றி அவரவர் திண்ணைக்கே கொண்டுபோய்க் காட்டுகிறேன். வெட்டச் சொல்வதைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் வெட்டுகிறேன்.

அந்தப் பழைய மடிக்கணினி, துண்டில் சுற்றியபடி துணி அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. “அதைத்தான் தூக்கிப் போடேன்” என்று வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது சொல்வார். துண்டைத் துவைத்துக் காயவைத்து, மறுபடியும் சுற்றி அங்கேயே வைத்துவிடுவேன்.