காமிரா வாங்கப் போகிறீர்களா?

பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு உலகத்திலுள்ள சகல விஷயங்களும் தெரிந்திருக்கும் என்று உறவினர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால்தான் கல்யாணப் பந்தியில் ரசம் வருகிற சமயம் பார்த்து, "போட்டோ பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், எந்தக் காமிரா நல்லது?" என்று கேட்டுவிடுகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரசம் போய் மோர் வந்துவிடுகிறது. இது ரசத்துக்கும் மோருக்கும் நடுவே சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல. ஆகையால், சகோதரிகளே, நிதானமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் மாமியார் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே, அது போதாதா?"

மாமியார் கேட்டதாயிற்றே என்று இதைத் தட்டிக் கழித்துவிடக் கூடாது. மிகவும் நியாயமான கேள்வி. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஒரு பொருளை வாங்குகிறோம் என்றால், அது அலமாரியில் தூங்கப் போகிறதா, நம் கையில் உழைக்கப் போகிறதா என்று கேட்கத்தான் வேண்டும்.

நான் கூறப் போவது விளம்பரமல்ல. என் நாத்தனார் வெளிநாடு போகும்போது என்னிடம் விட்டுச் சென்ற கானன் 1500டி என்ற காமிராவை ஆறு மாதமாக உபயோகித்து வருகிறேன். 2018-ம் வருஷம் வெளிவந்தது. கற்றுக்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஜாதி. அதை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால், இதே ரகத்தைச் சேர்ந்த மற்றக் காமிராக்களை எடை போடவும் உங்களுக்குச் சௌகரியமாயிருக்கும்.

இந்த ஜாதிக்குப் பூர்வ கதை ஒன்று உண்டு. 1991-ல் கோடாக் கம்பெனி டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் படத்தில் இருந்தவை சுமார் 13 லட்சம் புள்ளிகள். விலையோ பத்திரிகை ஸ்தாபனங்கள் மட்டுமே நினைத்துப் பார்க்கக்கூடியது. 2003-ல் கானன் கம்பெனி 300டி என்ற காமிராவை ஆயிரம் டாலருக்குள் கொடுத்தது. அன்றுதான் சாமான்ய குடும்பங்களுக்கு இந்தக் கதவு திறந்தது.

கடைக்குப் போனீர்களானால் உங்கள் காதில் முதலில் விழும் சொல் 'மெகாபிக்ஸல்'. "இருபத்துநாலு மெகாபிக்ஸல் அம்மா!" என்பார் கடைக்காரர், இருபத்துநாலு காரட் தங்கம் என்கிற தோரணையில். இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடத்துச் சுவரில் மாட்ட 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் படம் வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 87 லட்சம் புள்ளிகளுக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் படத்தின் ஓரத்தை வெட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ஆகவே புள்ளிகளை எண்ணிக் காமிரா வாங்குவது, மணிகளை எண்ணி அரிசி வாங்குவது போன்றதே.

பின்னே எதைப் பார்ப்பது? முதலில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

எஸ்.எல்.ஆர். காமிராவுக்குள் 45 டிகிரி சாய்வில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, வேறு சில கண்ணாடிகளின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்புகிறது. நாம் பார்ப்பது திரையில் தோன்றும் பிம்பமல்ல. எதிரே இருக்கும் பொருளின் வெளிச்சமேதான். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள, 'படக்' என்று சப்தம் கேட்கிறது. அந்தக் கணத்தில் வெளிச்சம் பின்னாலுள்ள சென்ஸரில் விழுந்து படமாகிறது. 1500டி-யின் சென்ஸர் 22.3 மில்லிமீட்டருக்கு 14.9 மில்லிமீட்டர். கைபேசிகளில் இருப்பதைவிடப் பல மடங்கு பரப்பு. பெரிய அண்டாவை வாசலில் வைத்தால் மழைத் தண்ணீர் அதிகம் சேருமல்லவா? வெளிச்சமும் அப்படியே.

பார்க்கும் துவாரத்தின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. கடையில் யாரும் இதைக் காட்டுவதில்லை. நீங்களே கேட்டுப் பாருங்கள். கண்ணின் பவருக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொள்ளலாம். என் மாமியாருக்குக் கிட்டப் பார்வை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தைத் திருப்பி, பால்கனித் துளசியைப் பார்த்தவர், "அட, இலை இலையாகத் தெரிகிறதே!" என்றார். அன்று முதல் "போன் போதாதா?" என்ற கேள்வியின் காரம் கொஞ்சம் குறைந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் துவாரம் படத்தில் விழுவதில் 95 சதவிகிதத்தைத்தான் காட்டும். குழந்தையை மட்டும் எடுத்தோம் என்று மகிழ்ந்திருப்போம். ஓரத்தில் துடைப்பமும் வந்து நிற்கும்!

அடுத்தது விளக்கு வைத்த நேரத்துப் பரீட்சை. பகல் வெளிச்சத்தில் எந்தக் காமிராவும் சமர்த்துத்தான். நம் வீடுகளில் படம் பிடிக்கத் தோன்றுகிற சமயமோ சாயங்காலம். காமிராவோடு வருகிற 18-55 லென்ஸை முகத்துக்கு நெருக்கமாக நீட்டினால், அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. சாதாரண டியூப் லைட்டில், ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தால், ஷட்டர் சுமார் முப்பதில் ஒரு விநாடி திறந்திருக்க வேண்டும். அதற்குள் என் ஐந்து வயதுப் பெண் கூடத்திலிருந்து சமையலறைக்கே போய்விடுவாள்!

"லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் ஐ.எஸ். வசதி இருக்கிறது" என்பார்கள். உண்மைதான். அது நம் கை நடுங்குவதைத் தடுக்கும்; குழந்தை ஓடுவதைத் தடுக்காது. ஆரம்பக்காரர்கள் பலரும் மனமுடைந்து காமிராவைப் பெட்டியில் போடுவது இந்த இடத்தில்தான். குற்றம் அவர்களுடையதுமல்ல, காமிராவினுடையதுமல்ல. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவே.

இதற்குச் சுலபமான பரிகாரம் உண்டு. கானனின் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், 2015-ல் புது வடிவில் வந்தது. லென்ஸ்களுக்குள் விலை மலிவானவற்றில் ஒன்று. எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முப்பதில் ஒரு விநாடி முந்நூற்றில் ஒரு விநாடி ஆகிவிடும். ஓடுகிற குழந்தை அப்படியே நிற்பாள். ஆனால் இந்தக் காமிராவில் அது 80 மில்லிமீட்டர் லென்ஸைப் போல நெருக்கிக் காட்டும். பிளாட் வீட்டுக் கூடத்தில் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் இடிக்கும். முழுக்கத் திறந்து வைத்தால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். ஆகையால் கண்ணைக் குறி வைக்கப் பழக வேண்டும்.

நான் கண்ட முக்கியமான உண்மை இதுதான்: பணத்தை உடம்பில் போடாதீர்கள், லென்ஸில் போடுங்கள். விலை கூடிய காமிராவையும் சாதாரண லென்ஸையும் வாங்குவதைவிட, எளிய காமிராவும் அகலத் துவார லென்ஸும் ஆரம்பக்காரிக்கு நூறு மடங்கு மேல்.

இனி, குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1500டி-யில் குறி வைக்கும் புள்ளிகள் ஒன்பதுதான். விநாடிக்கு மூன்று படம். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்குப் போதாது. பின்புறத் திரை மடங்காது, தொட்டால் வேலை செய்யாது. மைக் செருகத் துவாரமில்லை. திரையைப் பார்த்து எடுத்தால் குறி வைப்பதும் நிதானந்தான். ஆகவே வீடியோவில் சமையல் செய்து காட்டுவதுதான் உங்கள் உத்தேசம் என்றால் இது வேண்டாம். உடம்பும் லென்ஸுமாக 675 கிராம். காய்கறிப் பையோடு சேர்த்துச் சுமக்கக் கழுத்து சம்மதிக்க வேண்டும். இதற்குப் போட்டியாக 2018-லேயே வந்த நிகான் டி3500-ல் புள்ளிகள் பதினொன்று, விநாடிக்கு ஐந்து படம், ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 1550 படம். கானனுக்கோ 500. ஆனால் நிகான் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கைமாறி வருவதைத்தான் தேட வேண்டும். உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிகான் லென்ஸ்கள் அதில் தாமாகக் குறி வைக்கா என்பதும் நினைவிருக்கட்டும்.

"எஸ்.எல்.ஆர். காலமே மலையேறிவிட்டது, இனி மிரர்லெஸ்தான்" என்று உங்கள் தம்பியோ மருமகனோ சொல்லக்கூடும். சரியான பேச்சுதான். 2018-லிருந்து கானன், நிகான் இரண்டு கம்பெனிகளுமே முக்கியமான புதுச் சரக்கையெல்லாம் கண்ணாடியில்லாத காமிராக்களின் பக்கம் திருப்பிவிட்டன. ஆனால் வெளிச்சத்தின் விதி மாறவில்லை. துவாரம், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றையும் இதில் கற்றால் எதிலும் கற்றதுதான். கானன் லென்ஸை ஓர் இணைப்பு வளையம் போட்டு அவர்களுடைய புது மிரர்லெஸ் காமிராவிலும் மாட்டலாம்; ஆகவே லென்ஸில் போட்ட பணம் வீண் போகாது. பலர் மிரர்லெஸுக்கு மாறுவதால் பழைய எஸ்.எல்.ஆர். சாமான்கள் நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. அது நமக்கு லாபந்தானே?

கைமாறி வருவதை வாங்கினால், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் புது லென்ஸுக்கும் அந்த ஆபத்து உண்டு. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அப்பளத்துக்குக் காட்டும் அக்கறையைக் காமிராவுக்கும் காட்டினால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மாமியாரின் கேள்விக்கு வருகிறேன்: போன் போதாதா?

என் மாமனார் காலமாகி நாலு வருஷமாகிறது. அவருடைய படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. யாரோ கல்யாணத்தில் கைபேசியில் எடுத்த குரூப் படத்தில், மூன்றாம் வரிசையிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பிச் சுருங்கிப்போன படம். கண்கள் இரண்டும் மங்கல். எழுபத்திரண்டு வருஷம் வாழ்ந்த மனிதர். பண்டிகையும் பிறந்த நாளுமாக வீட்டில் ஆயிரக்கணக்கான படங்கள். ஆனால் அவரை உட்கார வைத்து, அவர் முகத்தை மட்டும் பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

நல்ல கைபேசியால் நல்ல முகப் படம் எடுக்க முடியாதென்று நான் சொல்ல மாட்டேன். தாராளமாக முடியும். ஆனால் கைபேசி நம்மைக் கேட்காமல் எல்லாவற்றையும் தானே தீர்மானித்துவிடுகிறது; நாமும் அவசரமாகத் தட்டிவிட்டுப் போகிறோம். காமிராவோ கேட்கிறது. "வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு திறக்க? எந்தக் கண்ணில் குறி வைக்க?" அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரத்தில்தான் எதிரே இருப்பவரை நாம் பார்க்கிறோம்.

போன மாசி மாதத்தில் ஒரு காலை, மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. துவாரத்தை எஃப் 2.8-ல் வைத்து, கண்ணைக் குறி பார்த்து அழுத்தினேன். படத்தைக் காட்டியபோது வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவரையும் இப்படி ஒன்று எடுத்திருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவுமில்லை.

"பெண்ணுக்கு எதற்குக் காமிரா?" என்று உங்களிடம் யாராவது சொன்னால், ஹோமாய் வியாரவாலாவின் பெயரைச் சொல்லுங்கள். 1913-ல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பிற்பாடு அவர் பெயரையே நாடு அறிந்தது. 2011-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அவருடைய அந்நாளைய காமிராக்களுக்கு முன்னால் நம்முடைய 675 கிராம் ஒரு சுமையே அல்ல.

ஆக, என் தீர்ப்பு: படங்களை உடனுக்குடன் நாலு பேருக்கு அனுப்புவதுதான் உங்கள் ஆசை என்றால், கைபேசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பணத்தை நல்லதொரு பட்டுப் புடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கற்க வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்தால், இந்த ஆரம்பக் காமிரா நம்பிக்கையான வாத்தியார். அதன் மேல் வட்டத்தில் தானியங்கி அடையாளம் முதல் சாப்பாட்டைப் படம் பிடிக்கத் தனி அடையாளம் வரை பல இருக்கின்றன. பத்து நாள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'ஏ.வி.' என்ற இடத்தில் வையுங்கள். ஒரே ஜன்னல், ஒரே ஆள், தினம் பத்துப் படம். துவாரத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பத்தாம் நாள் முதல் நாள் படத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டால், வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

அந்த ஒரே ஆள் யார் என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். எல்லாப் படத்திலும் ஓரமாகவே நிற்கிற முகம் ஒன்று இருக்கும். அவரை ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள்.