ஷட்டர் மூடிய பிறகு

ஜூன் 9, திங்கள்
வண்ணாரப்பேட்டையில் தெருமுனை கிளினிக்கின் ஷட்டரில் ஒரு தாள்: டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா அதை நின்று வாசித்தாள், பக்கத்தில் நின்ற பெண்ணையும் வாசிக்கச் சொன்னாள். மகள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு அவர்தான் வைத்தியம். அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. எந்தக் காகிதத்திலும் இல்லை.

வடசென்னைக்கு இது பழகிய இழப்பு. ஐந்து ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் போனார். 1973இல் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு பார்க்கத் தொடங்கிய வியாசர்பாடி திருவேங்கடம் 2020 ஆகஸ்டில். குறைந்த கட்டணத்தைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அதே ஆள் அதே நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்ததைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

ஜூன் 12
அம்மாவுக்கு முழங்கால் வலி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டாள், கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி
மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் பிரஷர் கருவியோடு படியேறி வந்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம் இந்த மூன்றாவது மாடி வரைக்கும் வந்திருக்கிறது. 168/98. "நாளைக்கே சென்டருக்குப் போயிடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க." அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லையாம். மயக்கம் இல்லை, தலைவலி இல்லை. பயந்தது மகள்தான், ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தாள்.

ஜூன் 28
நகர்ப்புற நலவாழ்வு மையம் மாலையிலும் திறந்திருப்பது வேலைக்குப் போகும் மகளுக்குப் பெரிய உதவி. நர்ஸ் உடனே அளக்கவில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொன்னார். கால் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. 152/94. வரிசை வாசல் வரை நின்றது. ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குள் என்றார் டாக்டர், எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் அடிபட்டன. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று, இலவசம்.

ஜூலை 6
எதிர்வீட்டு அக்கா பச்சைப்பூண்டு தின்னச் சொல்கிறார். கீழ்வீட்டில் முருங்கைக்கீரை. மாத்திரை தொடங்கினால் சாகும் வரை விடாது என்று இன்னொருத்தர். இவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள்.

ஜூலை 15
கணுக்கால் வீங்கியிருக்கிறது. தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறாள். வீட்டில் சண்டை.

ஜூலை 16, புதன்
இன்று வேறொரு டாக்டர். சின்ன வயது, அவசரமில்லாத குரல். வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது இந்த மாத்திரையாலயும் வரும்மா. ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது. எங்க கிட்ட வந்து சொன்னா மாத்தித் தருவோம்." அப்புறம் கேட்டார்: "வேற என்ன மாத்திரை போடுறீங்க?"

ஒண்ணுமில்லை என்றாள். "வலிக்கு, சளிக்கு, கடையில வாங்கினது?" அம்மா சுருக்குப்பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். பாதிக்கு மேல் காலி. டைக்ளோஃபெனாக். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், நாள்பட்டால் சிறுநீரகத்தைத் தொடும் என்று நிதானமாகச் சொன்னார். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சியைச் செய்து காட்டினார். கிரியாட்டினின் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். பென்சிலின் விஷயத்தை மகள் சொல்ல, நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்.

திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: "இந்த வலி மாத்திரையை நம்ம பழைய டாக்டரு எழுதவே மாட்டாரு. கேட்டா திட்டுவாரு."

ஜூலை 19
வலி மாத்திரை அட்டை குப்பையில். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எரிச்சலும்.

ஜூலை 23
146/90. ரத்தப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமைதான் வருமாம். அந்தச் சின்ன டாக்டர் இங்கேயே இருப்பாரா, மாற்றலாகிவிடுவாரா என்று அம்மா விசாரித்தாள். நர்ஸுக்குத் தெரியவில்லை.