கல் சுமந்த ஆறு

தாந்தே தம் காவியத்தின் உத்தரிக்கும் தலப் பகுதியில், பதினான்காம் காண்டத்தில், ஓர் ஆற்றைப் பற்றிப் பேசுகிறார். ஃபால்தெரோனா மலையில் பிறக்கும் சிற்றாறு என்கிறார். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரே அழிந்துபோகட்டும் என்று அங்கிருக்கும் ஓர் ஆவி சபிக்கிறது. பிறகு ஆற்றோடு கீழே இறங்கிவந்து கசெந்தினோவில் பன்றிகள், அரெஸ்ஸோவில் நாய்கள், ஃபுளோரன்ஸில் ஓநாய்கள், பீசாவில் நரிகள் என்று கரைவாழ் மக்களை வரிசையாகத் திட்டித் தீர்க்கிறது. ஆர்னோ ஆற்றை ஊற்றிலிருந்து கடல்வரை எழுத வருகிறவர்களுக்கு இந்த வசைதான் முதல் பாடம். அதில் முதலாவதாக வரும் கசெந்தினோ நான் வளர்ந்த மண்.

இலக்கியப் பயணமாக வரும் குழுக்கள் ஃபுளோரன்ஸில் இறங்கி, தாந்தே ஞானஸ்நானம் பெற்ற சான் ஜொவான்னியையும் சான்தா குரோச்சே கோவிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மலையேறி வருகிறவர்கள் கொஞ்சம்தான். போப்பிக் கோட்டைக்குக் கீழே விரியும் காம்பால்தீனோ சமவெளியில் 1289 ஜூன் 11 அன்று ஃபுளோரன்ஸ் படை அரெஸ்ஸோ படையை முறியடித்தது. இளைஞரான தாந்தே அன்று குதிரைப்படையில் இருந்தார் என்று வரலாற்றாசிரியர் லியோனார்தோ புரூனி எழுதியிருக்கிறார். தோற்ற படைத்தலைவன் புவோன்கோந்தேயின் உடல் கிடைக்கவே இல்லை. அதற்கான பதிலைக் கவிஞர் எங்கள் ஊர்க் காட்டாற்றில் வைத்தார்.

அந்தக் காட்டாறு ஆர்க்கியானோ. பிப்பியேனாவுக்குக் கீழே, அது ஆர்னோவில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அப்பா வேலை பார்த்த பண்ணை அக்கரையில். கோடையில் கணுக்கால் நனையக் கடந்துவிடலாம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு நவம்பரில், மேலே கமால்தோலிக் காடுகளில் இரண்டு நாள் விடாத மழை. பள்ளி விட்டதும் பாலம் சுற்றிப் பண்ணைக்குப் போயிருந்தேன். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பியபோது தண்ணீர் அப்பாவின் தொடையைத் தொட்டது. திரும்பவும் பாலம் சுற்றினால் இருட்டிவிடும். என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

“கழுத்தைக் கட்டிக்கோ சாமி. கையை மட்டும் பிரிச்சிராத.”

செம்பழுப்புத் தண்ணீரில் கஷ்கொட்டை இலைகளும் முள்ளோடுகளும் சுழன்று போயின. அடியில் கற்கள் உருண்டன. அந்தச் சத்தம் காதுக்கு எட்டுமுன்பே அப்பாவின் முதுகெலும்பு வழியாக என் நெஞ்சில் வந்து இறங்கியது. நடு ஆற்றில் ஒரு கல் அவர் முழங்காலில் மோதியது. தடுமாறி, நின்று, மறுபடி நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் என் விரல்கள் பிரியவில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து ஆசிரியை எங்களை அந்தக் கூடுதுறைக்கே அழைத்துப்போய் அதே உத்தரிக்கும் தலப் பகுதியின் ஐந்தாம் காண்டத்தைப் படித்துக் காட்டினார். தொண்டையில் வெட்டுப்பட்டு ஓடிவந்த புவோன்கோந்தே, மாதாவின் பெயரைச் சொல்லி, மார்பில் கைகளைச் சிலுவையாக மடித்துச் சாகிறான். ஒரு சொட்டுக் கண்ணீரால் அவன் ஆன்மாவைக் கைநழுவவிட்ட பேய் ஆத்திரத்தில் மழையைக் கொட்டவைக்கிறது. வெள்ளம் உடலை ஆர்னோவுக்குள் இழுத்துப்போய், மடித்த கைகளைப் பிரித்து, தான் வாரி வந்தவற்றாலேயே அவனை மூடிவிடுகிறது. எனக்கு அப்பாவின் கழுத்து நினைவுக்கு வந்தது. ஆறு சுமப்பது தண்ணீரை மட்டுமல்ல என்பதை நான் ஏற்கெனவே உடம்பால் அறிந்திருந்தேன்.

கிழக்கே லா வேர்னா பாறை. 1224இல் புனித பிரான்சிஸ் அசிசியார் ஐந்து காயங்களைப் பெற்ற இடம். இன்றும் மதியம் மூன்று மணிக்குத் துறவிகள் பாடிக்கொண்டே நீண்ட தாழ்வாரம் வழியாக அவ்விடத்துச் சிற்றாலயத்துக்குப் பவனி போகிறார்கள். மலையின் ஈரத்திலும் அந்திரேயா தெல்லா ரோபியாவின் வெள்ளை, நீலச் சுடுமண் சிற்பங்கள் மங்கவில்லை.

அரெஸ்ஸோ அருகே ஆறு ஊருக்கு முகம் கொடுக்காமல் திரும்புகிறது. அங்கேதான் என் ஆற்றாமையும் தொடங்குகிறது. 1950களில் கட்டிய லா பென்னா, லெவானே அணைகள் மின்சாரம் தந்தன; மலையிலிருந்து வரும் கல்லையும் மணலையும் மறித்துக்கொண்டன. அதற்குக் கீழே கட்டடங்களுக்காகச் சரளையைத் தோண்டித் தோண்டி ஆற்றுப்படுகையைப் பல மீட்டர் தாழ்த்திவிட்டார்கள்.

1966 நவம்பர் 4 அன்று அதே ஆறு ஃபுளோரன்ஸுக்குள் புகுந்தது. வீடுகளின் கொதிகலன் எண்ணெயும் சேறும் கலந்த தண்ணீர் சான்தா குரோச்சேயில் சிமாபுவே தீட்டிய சிலுவையை மூழ்கடித்தது. வண்ணத்தில் பாதிக்கும் மேல் உதிர்ந்தது. சீரமைத்தவர்கள் இழந்த பகுதிகளில் புதிதாக உருவம் வரையவில்லை. இழப்பு தெரியும்படியே விட்டார்கள். ஆற்றுக்கு அந்த நேர்மை கிடைக்கவில்லை. கரைச்சுவர்களை உயர்த்துவதைப் பற்றிப் பேசினோம், உள்ளே காணாமல்போன கல்லைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு தோல் பதனிடும் ஊர்கள், பிறகு பீசா. ஜூன் 16 இரவில் புனித ரனியேரிக்காகக் கரையோரச் சன்னல்கள் எல்லாம் அகல்களாக எரியும். தண்ணீரில் இன்னொரு நகரம் நடுங்கும். உகோலீனோ பிரபுவைப் பட்டினி போட்டுக் கொன்ற இந்த ஊர் மூழ்கட்டும், தீவுகள் நகர்ந்து வந்து ஆர்னோவின் வாயை அடைக்கட்டும் என்று தாந்தே சபித்தார். நடந்தது வேறு. ஆறு மண் கொண்டுவராததால் மரீனா தி பீசாவில் கடல் கரையைத் தின்கிறது. பாறைகளை அடுக்கித் தடுக்கிறார்கள். லாரியில் கொண்டுவந்த கூழாங்கல்லைக் கொட்டிக் கரை செய்கிறார்கள்.

வெள்ளக் காலத்தில் அணை வழியே சரளையைக் கீழே அனுப்பும் முறைகள் உண்டு. தேவைப்படுவது, ஊற்றையும் முகத்துவாரத்தையும் ஒரே ஆறாகப் பார்க்கும் மனம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வசையாகவேனும் ஒரு கவிஞருக்கு அது இருந்தது.

முகத்துவாரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துப் பார்த்தேன். ஏதோ குவாரியில் உடைத்தது. அப்பாவின் முழங்காலில் மோதிய கல்லின் உறவுகளெல்லாம் லா பென்னாவுக்குப் பின்னால் கிடக்கின்றன.