பதில் வராத வீடு

ஜப்பானில் தனியே வசித்த நாட்களில் முதலில் சிரமம் தந்தது குப்பை. எரிப்பதற்கு ஒரு நாள், போத்தலுக்கு வேறொரு நாள். தவறினால் பை வாசலிலேயே கிடக்கும். பிஸ்கட் வாங்கினாலும் பன்றியைக் குறிக்கும் எழுத்து உண்டா என்று பொதியைத் திருப்பித் தேடவேண்டும். நான் முதலில் படித்த ஜப்பானிய எழுத்தே அதுதான்! இவை பழகிவிட்டன. பதில் வராத வீடுதான் பழகவில்லை.

அங்கே வீட்டுக்குள் நுழைபவர் "ததாய்மா", அதாவது வந்துவிட்டேன் என்பார். உள்ளே இருப்பவர் "ஒகாயெரி" என்று வரவேற்பார். தனியே வாழ்வோரிலும் சிலர் வெறும் அறைக்கு அதைச் சொல்வதுண்டு. ஆளில்லா வீட்டிலும் ஸலாம் சொல்லி நுழையும் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

2020 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 100 வீடுகளில் 38 தனியாள் வீடுகள். யாரும் அறியாமல் மரணித்து, நாட்கள் கழித்துக் கண்டெடுக்கப்படுவோரும் உளர். இதற்கென்றே 2001இல் ஸோஜிருஷி கம்பனி ஒரு மின்கேத்தலை அறிமுகப்படுத்தியது. தனித்திருக்கும் தாய் அதில் சுடுதண்ணீர் எடுத்தால் தூரத்துப் பிள்ளைக்கு மின்னஞ்சல் போகும். உம்மா தேத்தண்ணி ஊற்றிவிட்டார், எனவே சுகம்!

கெட்டிக்காரக் கேத்தல்தான். ஊரிலிருந்த என் உம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு,

"அது கிடக்கட்டும் மகன், தடிமன் பிடிச்சிருக்கா? குரல் அடைச்சிருக்கே" என்றார்.